பக்கா வீடு

குடையோடு வாசலில் நின்ற வீட்டுவசதி ஆய்வாளர் மகாபாத்ரா, சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"சிமெண்ட் சுவரு, இரும்புக் கதவு. பக்கா வீடு இருந்தா அரசாங்க வீடு கிடையாது குந்தலா. விதி அப்படி."

"என் மண் வீட்டை யானை இடிச்சிடுச்சு பாபு. அப்புறம்தான் பிள்ளைங்களோட இதுல குடியிருக்கேன்."

"அப்ப இதை யாரு கட்டினது?"

"நீங்கதான்."

"என்ன, நக்கலா?"

"உள்ள வாங்க, காட்டுறேன்."

குந்தலா பாயைச் சுருட்டினாள். அடியிலிருந்த பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தாள்.

தரையில் பதித்த வெள்ளைப் பீங்கான் கழிப்பறைக் கோப்பை.

மகாபாத்ரா அவசரமாகக் கைக்குட்டையை எடுத்தார்.

"மூக்கைப் பொத்தாதீங்க. கட்டினதுலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி வரல, யாரும் போனதுமில்ல. ஆனா உங்க ஆபீஸ்காரங்க போட்டோ எடுத்து, கியோஞ்சர் ஜில்லாவுல எல்லார் வீட்டுலயும் கக்கூஸ் இருக்குன்னு மாலை போட்டுக்கிட்டாங்க."

அவர் வெளியேறத் திரும்பினார். குந்தலா வாசலை மறித்து உட்கார்ந்தாள்.

"இதை வீடுன்னே எழுதுங்க பாபு, வேணாங்கல. எழுதிட்டு, எனக்குக் கக்கூஸ் கட்டிக் கொடுத்ததா எழுதியிருக்கீங்களே, அதை என் கண்ணு முன்னால கோடு போட்டு அடிச்சிட்டுப் போங்க!"