சட்டத்துக்குத் தாலி தெரியாது

தேவிஸ்ரீயின் கழுத்தில் தாலி இல்லை என்பதை, அவள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே வழக்கறிஞர் சிவபிரகாசம் பார்த்துவிட்டார். ஈப்போவில் முப்பது வருடமாக விவாகரத்து வழக்கு நடத்துபவர். வந்தவர்கள் வாயைத் திறக்கும் முன்பே பாதிக் கதை தனக்குத் தெரிந்துவிடும் என்பது அவருடைய நெடுநாள் பெருமை.

கழற்றி எறிந்துவிட்டு வந்திருக்கிறாள், கோபக்காரி என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார். பக்கத்தில் கோகிலன் நாற்காலியை நன்றாகத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். இருவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக உட்காரலாம்.

"எங்களுக்கு டிவோர்ஸ் வேணும் சார். ரெண்டு பேருக்கும் சம்மதம்," என்றாள் அவள். "ஞாயித்துக்கெழமைக்குள்ள கெடைக்குமா?"

அன்று புதன்கிழமை. காரைக் கழுவக் கொடுத்துவிட்டு எப்போது வரலாம் என்று கேட்பதுபோல் கேட்கிறாளே என்று நினைத்துக்கொண்டார். ஏன் ஞாயிற்றுக்கிழமை என்று விசாரித்தார்.

"அன்னிக்கு சொந்தக்காரங்க எல்லாம் கூடுறாங்க சார். அதுக்கப்புறம்னா ரொம்ப சூசாலா, கஷ்டமாப் போயிரும்," என்றான் கோகிலன்.

பஞ்சாயத்து என்று சிவபிரகாசத்துக்கு உடனே புரிந்துவிட்டது. தாய்மாமன்கள் நாலு பேர் உட்கார்ந்து நடந்ததை மறந்துவிடச் சொல்வார்கள், பிறகு எல்லாருக்கும் டீ வரும். இப்படி எத்தனை பஞ்சாயத்தைப் பார்த்திருப்பார் அவர். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

திருமணப் பதிவுச் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். பிப்ரவரி பதினான்கு. காதலர் தினமாகப் பார்த்து, பதிவிலாகாவில் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இப்போது ஆகஸ்டு பாதிகூடத் தாண்டவில்லை.

என்னதான் பிரச்சினை என்று கேட்டார். புடவை நிறத்திலிருந்து சாம்பாரில் போடும் காய்வரை அவன் எல்லாவற்றையும் அம்மாவைக் கேட்டுத்தான் சொல்கிறானாம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் மூன்று நாளைக்குப் பேச்சே கிடையாதாம். எதைச் சொன்னாலும் இவள் அழுகிறாள், அழுது முடிப்பதற்குள் இவளுடைய அண்ணன் போன் போட்டு மிரட்டுகிறான் என்று கோகிலன் தன் பங்குக்குச் சொன்னான்.

அடிப்பானா, குடிப்பானா என்று சட்டப்படி கேட்க வேண்டியதையும் கேட்டார். இரண்டும் இல்லை. தாங்க முடியாத கொடுமை இருந்தால் சட்டம் கொஞ்சம் இறங்கி வரும். மூன்று நாள் வாயைத் திறக்காத கணவன் அந்தப் பட்டியலில் வரமாட்டான், சில வீடுகளில் அவனுக்கு மாலை போட்டுக் கும்பிடுவார்கள்.

"கல்யாணமாகி ரெண்டு வருசம் ஆகாம மனுவே போட முடியாதும்மா," என்றார். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து மனுப் போட்டு, நீதிபதி சரி என்று சொல்லி, அதன்பின்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று விளக்கினார். சேர்வதற்கு இருபத்தோரு நாள் அறிவிப்பு போதும் என்கிற அரசாங்கத்துக்குப் பிரிவதில் மட்டும் அப்படி ஒரு நிதானம்.

தேவிஸ்ரீக்குக் கண் கலங்கிவிட்டது. "இவரோட ஒரே வீட்டுல என்னால இருக்க முடியாது சார். பயமா இருக்கு. கோர்ட்டு பேப்பர் கையில இருந்தாத்தான் எங்கப்பாகிட்ட காட்ட முடியும். சும்மா வாயால சொன்னா யாரும் கேக்கமாட்டாங்க."

அவள் நிஜமாகவே பயந்துபோயிருந்தாள். கோகிலனுக்கும் அதே பயம்தான். அம்மாவிடம் போய் இதைச் சொல்வதைவிடத் தண்டவாளத்தில் படுப்பது சுலபம் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

அவன் நிமிர்ந்தான். "ரெண்டு வருசத்த எதுலேருந்து எண்ணுவாங்க சார்? ரெஜிஸ்டர் பண்ண தேதியா, கோயில் தேதியா?"

"ரெஜிஸ்டர் தேதிதான். சட்டத்துக்குத் தாலி தெரியாது தம்பி."

"அப்ப ஆறு மாசம் ஓடிப்போச்சு," என்று அவளைப் பார்த்துச் சொன்னான். உள்ளே வந்ததிலிருந்து அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது. "இன்னும் பதினெட்டு மாசந்தான்." அவளும் விரல்விட்டு எண்ணிப் பார்த்துத் தலையாட்டினாள்.

இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று சிவபிரகாசம் கேட்டார். அவன் சுங்கை சிப்புட், அவள் செமோரில் அம்மா வீடு. பிரிந்து வாழ்கிறார்கள் என்று நல்ல கையெழுத்தில் எழுதிக்கொண்டார். பிற்பாடு வழக்குக்கு உதவும்.

பேனாவை மூடி வைத்துவிட்டு வழக்கமான புத்திமதியைத் தொடங்கினார். இந்தப் பதினெட்டு மாதமும் சண்டை வேண்டாம், தனித்தனியாகவே இருங்கள், ஆத்திரத்தில் எதையாவது செய்து புதிதாக ஒரு சிக்கலில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள் என்றார். இருவரும் பள்ளிப் பிள்ளைகளைப்போல் கைகட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "வேற வழியில்ல, குடுத்துருவோம்," என்றாள் தேவிஸ்ரீ. கோகிலன் எழுந்து நின்றான்.

அவள் கைப்பையைத் திறந்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஓர் உறையை எடுத்தாள். இருவருமாகச் சேர்ந்து பிடித்து, மரியாதையாகக் குனிந்து, அவரிடம் நீட்டினார்கள்.

"ஞாயித்துக்கெழம கோயில்ல எங்க கல்யாணம் சார், குடும்பத்தோட வந்துருங்க."