எமகண்டம் கழிந்து

மனுவை வாங்கியவருக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

தாலுகா ஆபீஸ் வாசலில் பந்தல். பழைய பென்ஷன் கேட்டு உட்கார்ந்திருந்த கூட்டத்திலிருந்து, அவரைக் கண்டதும் எழுந்து ஓடி வந்திருந்தாள் செண்பகவல்லி. ஓய்வு பெற்றவர்களும் கையெழுத்துப் போட்டால் பலம் என்றாள்.

அவர் அங்கே தலைமை எழுத்தராக இருந்தவர். பழைய பென்ஷன்காரர். மாதம் பிறந்தால் பணம் தானாக வந்து விழுகிறது.

அவளுக்கு அடுத்த மாதம் ஓய்வு. அவளுக்கு அப்படி விழாது.

மனுவைப் படித்தார். வேலையில் சேர்ந்த நாளைப் பார்க்காதீர்கள், நியமன ஆணை போட்ட நாளைப் பாருங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

நியாயம்தான்.

புருஷன் பணியில் இருக்கும்போதே செத்து, கருணை அடிப்படையில் கிடைத்த வேலை அவளுக்கு. இரண்டாயிரத்து மூன்றில் ஆணையும் கையுமாக வந்து நின்றாள். மார்ச் முப்பத்தொன்று, திங்கட்கிழமை, மணி பத்தரை.

எமகண்டம் பிறந்திருந்தது.

முதல் கையெழுத்து, பன்னிரண்டு தாண்டட்டும் என்று பெஞ்சில் உட்கார வைத்தவர் அவர்தான். இனிமேலாவது அந்தப் பெண்ணுக்கு நல்லது நடக்கட்டுமே என்று நினைத்தார். டீ கூட வாங்கிக் கொடுத்தார். பெரிய மனுஷத்தனம்!

பன்னிரண்டேகாலுக்குக் கையெழுத்துப் போட்டாள்.

பக்கத்தில் ‘பிற்பகல்’ என்று எழுதியதும் அவர்தான்.

பிற்பகலில் சேர்ந்தால் மறுநாளிலிருந்துதான் கணக்கு. ஏப்ரல் ஒன்று முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது என்ற உத்தரவு, சில மாதம் கழித்து வந்தது.

அன்றைக்குப் போய் யார் கண்டார்கள்? தனக்குத் தானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். மனசு கேட்கவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவும் இத்தனை வருஷம் வாய் வரவில்லை.

“அரை நாள்ல போச்சு சார்” என்றாள். “உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க நல்லதுக்குத்தான செஞ்சீங்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

பேனாவை எடுத்தார். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இன்னிக்கும் திங்கக்கிழமை சார். மணி பத்தே முக்கால். பன்னிரண்டுக்கு மேல போடுங்களேன்.”

அவர் நிமிரவில்லை. மனுவைத் தொடைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கீழே தேதியைப் போட்டார்.

தேதிக்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலேயே, முத்து முத்தாக எழுதினார்.

முற்பகல்.