அண்ணியின் அவசரம்

“ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம்னா வேணாங்கிறீங்க. பாலை மட்டும் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறீங்க. அண்ணன் போறதுல உங்களுக்கு அப்படி என்ன அவசரம், அண்ணி?”

இந்திராணி போட்ட சத்தம் பெம்பான் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். தஞ்சோங் கிளிங்கிலிருந்து வந்து இறங்கியதிலிருந்தே அவளுக்கு மனசு ஆறவில்லை.

கட்டிலில் தங்கராஜு மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். பக்கவாதத்தில் படுத்தவர், வருஷக்கணக்காக எழுந்திருக்கவில்லை. முதுகெல்லாம் புண். திருப்பிப் போட்டாலும் வலி, போடாவிட்டாலும் வலி.

“டாக்டரே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாரு, இந்திரா. மறுபடியும் டியூப்பு, ஊசி எல்லாம் எதுக்கு? அவரு பட்டது போதும்லா,” என்றாள் கோமளா.

“அவரு பட்டதா, நீங்க பட்டதா?”

கோமளா சுவரைப் பிடித்துப் பிடித்துக் கட்டிலருகே போனாள்.

‘நடிப்பைப் பாரு’ என்று இந்திராணி மனதுக்குள் கறுவினாள். தைப்பூசத்தன்றே, “உங்க அண்ணனை உன் வீட்டுல வெச்சுப் பார்த்துக்கிறியா?” என்று கேட்டவள்தானே இவள்! பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் கட்டியவளே கைகழுவப் பார்த்தால் எப்படி? மருமகளைச் சாக்குச் சொல்லி இந்திராணி அன்று நழுவிக்கொண்டாள்.

கோமளா கணவனின் காதருகே குனிந்தாள்.

“என்னங்க, போதும். நிம்மதியா போயிடுங்க. சீக்கிரம் போயிடுங்க.”

“அண்ணி!” இந்திராணி பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். பால் பாதி சிந்தியது. கோமளா கையை உதறிக்கொண்டு, மீதியைக் கரண்டியில் எடுத்து அவர் வாயில் விட்டாள். ஒரு மிடறு இறங்கியது. அடுத்தது கடைவாயில் வழிந்தது.

மூச்சு நின்றிருந்தது. எப்போதும் சுருங்கியே கிடந்த நெற்றி மெல்ல விரிந்தது. இனி அவருக்கு வலிக்காது என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

“அப்பாடா!” என்றாள் கோமளா.

இந்திராணிக்கு ரத்தம் கொதித்தது.

“தூ! பொம்பளையா நீங்க? தாலி கட்டிக்கிட்டவ எவளாச்சும் புருஷன் முந்திப் போகணும்னு நெனைப்பாளா? பூவும் பொட்டுமா நாம முந்திப் போகணும்னுதானே சாமிகிட்ட கேப்பா!”

கோமளா அவர் கண்களை மூடிவிட்டாள். நிற்க முடியாமல் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்தாள்.

“எனக்கு அந்தக் கொடுப்பினை இருந்துச்சு, இந்திரா. ஈரல்ல கேன்சர். டாக்டர் எனக்கு வெச்ச கெடு போன மாசமே முடிஞ்சிருச்சு. இவரை விட்டுட்டுப் போக ஒரு இடமும் இல்ல, அதான் இழுத்துப் புடிச்சுக்கிட்டு இருந்தேன். இனி நானும் போகலாம்லா.”