இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி

கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் வேண்டுமென்றால், இயந்திரத்தால் விடை சொல்ல முடியாத ஒரு கேள்வியோடு விண்ணப்பிக்க வேண்டும். எஸ்தர் பதினாறு முறை விண்ணப்பித்தாள். ஒவ்வொரு முறையும் அனுப்பிவிட்டுக் கையை எடுப்பதற்குள் முழு விடையும் வந்து விழுந்தது, கூடவே, ‘இடமில்லை’.

“இன்னும் எத்தன கேள்வியத்தான் அதுக்குத் தீனியாப் போடுவ? பேசாம வேற வேலையப் பாரு,” என்றான் கணவன் ஜெபராஜ்.

“இனி புதுசா எதுவும் கேக்கப் போறதில்ல. அது எழுதுன பதிலப் படிக்கப் போறேன்.”

அந்த விடைகளை யாரும் படிப்பதில்லை. வந்தாலே சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. எஸ்தர் பதினாறையும் அச்செடுத்து, பென்சிலும் கையுமாக உட்கார்ந்தாள். நான்காவது மாதம், ஒன்பதாம் விடையின் இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் பென்சில் நின்றது. நாலு விதமாகப் போட்டுப் பார்த்தாள். முந்தைய வரியிலிருந்து அந்த வரி வரவே இல்லை.

பதினேழாவது விண்ணப்பத்தில் ஒன்றே ஒன்று கேட்டாள்: ‘இந்த வரி எப்படி வந்தது?’

அனுப்பிவிட்டு உலை வைத்தாள். சோறு வடித்து, இருவரும் சாப்பிட்டு எழுந்தார்கள். திரை வெறுமையாகவே இருந்தது.

“பதிலே வரலியே,” என்றான் ஜெபராஜ்.

“ஆமா,” என்று எஸ்தர் பென்சிலைச் சீவத் தொடங்கினாள். “எனக்கு எடம் கெடச்சாச்சு.”