சரியில்லாத விலை

"மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாங்கக்கா!" தம்பி கம்ப்யூட்டரை விட்டு எழுந்தே விட்டான்.

துணிப்பை தைத்து விற்பதால் 'பை அக்கா' என்று பேர் வாங்கியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னவாம் அந்தக் கொள்ளைக்காரனுக்கு?"

"அதே பாட்டுத்தான். 'விலை சரியில்லை, யோசிச்சு அனுப்புங்க.'"

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று துணிப்பை கேட்டிருந்தது. நியாயமாக வியாபாரம் செய்கிறவர்களாம். நியாயமாம், பெரிய நியாயம்! அக்கா முதலில் போட்ட விலை சரியில்லை என்றார்கள். தன் லாபத்தில் பாதியைக் குறைத்தாள். இப்போது அதுவும் சரியில்லையாம். இந்த ஆர்டர் கை நழுவினால் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான். தையல் மெஷின்களை எல்லாம் பேங்க்காரன் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

அக்கா குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி நடந்தாள்.

"இன்னும் எதைக்கா குறைக்கிறது? துணிக்காரன் விடுவானா, கரண்ட்காரன் விடுவானா?"

அக்காவின் பார்வை மெஷின்கள் பக்கம் போனது.

"ஜிப்பு, இங்கே வா."

ஜிப் வைத்துத் தைக்கிறவள் என்பதால் அந்தப் பேர். மற்றபடி வாயை மூடவே தெரியாதவள்.

"பைக்கு இவ்வளவுன்னு குடுக்கறேன்ல, அதுல கால்வாசி குறைச்சுக்கறேன்டி. உனக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும்தான். வேற வழி தெரியலை."

அந்த வாயாடி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார். தலையை ஆட்டிவிட்டு மெஷினுக்குத் திரும்பினாள்.

அக்கா தம்பி பக்கம் திரும்பினாள். "எல்லாம் அந்தப் படுபாவியால!" என்று திட்டிக்கொண்டே புது விலையை அனுப்பச் சொன்னாள்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். ஒருவழியாகக் கம்பெனியின் உள்ளூர் மேனேஜரே கூப்பிட்டார். தம்பியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, விலை இன்னும் சரியில்லையே."

"இன்னும் எங்கே சார் குறைக்க? எங்க தோலை உரிச்சுப் பை தைச்சுக் குடுக்கவா?"



"குறைக்கச் சொன்னேனா நான்? இந்த விலையில தைக்கிறவங்க எப்படிம்மா சாப்பிடுவாங்க? ஏத்துவீங்கன்னு பார்த்தா இறக்கிட்டே போறீங்க!"

அக்காவுக்குத் தலை சுற்றியது. "அதை வாயைத் திறந்து சொல்லக் கூடாதா சார்?"

"பை செய்யறவங்கதான் விலை சொல்லணும், வாங்கறவன் சொல்லக் கூடாதுன்னு எங்க கம்பெனி விதி. உங்களால இன்னைக்கு அதையும் மீறிட்டேன். போகட்டும், தைக்கிறவங்க யார்கிட்டயாவது போனைக் குடுங்க."

பக்கத்தில் இருந்தது ஜிப்புதான். அக்காவுக்குத் திக்கென்றது. போச்சு, கைக்கு வந்த ஆர்டரும் போச்சு!

"கூலி ஒழுங்கா வருதாம்மா?"

ஜிப்பு அக்காவின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"எங்க அக்கா தங்கமானவங்க சார். கூலியில ஒரு காசு குறைச்சதில்லை."

அக்கா வெடுக்கென்று போனைப் பிடுங்கினாள்.

"பொய் சொல்றா சார்! காலையிலதான் அவ கூலியை வெட்டினேன். விலையை ஏத்தி அனுப்பறேன். அடுத்த வாரம் கூப்பிட்டு, இவகிட்டயே மறுபடி கேளுங்க!"