எழுதும் அனுமதி

"மாமா, பால் சூடாக் குடிப்பாளா, ஆற வெச்சா?"

"ஆற வெச்சு."

காலை ஏழு மணி. அவன் பல் தேய்த்தாயிற்று. குளித்தாயிற்று. சட்டைக்கு இஸ்திரி போட்டாயிற்று. பாப்பாவுக்கு ஒரு பக்கம் சடை பின்னி, மறுபக்கம் வராமல், இரண்டையும் அவிழ்த்து ஒரே ரப்பர் பேண்டில் அடக்கியாயிற்று. பதினேழு நாளுக்குப் பிறகு இன்றைக்குத்தான் ஆபீஸ்.

"நீல டம்ளரா, பச்சையா?" மைத்துனி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"பச்சை."

"பச்சையப் பாத்தா அழறா!"

"அப்ப நீலம்."

அவள் கரண்டியோடு வெளியே வந்தாள். "குத்துமதிப்பா அடிச்சு விடாதீங்க. அக்கா ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே எல்லாத்தையும் அந்த ஃபைல்ல எழுதி வெச்சிருக்கால்ல? எனக்கு அனுப்புங்கன்னு நாலு நாளா நாயாக் கத்தறேன். சாயங்காலம் வரைக்கும் இவள நான் ஒருத்தியா சமாளிக்கணும்."

'பாப்பா' என்ற அந்த ஆன்லைன் கோப்பைத் தொடங்கிக் கொடுத்தது அவன். எழுதியதெல்லாம் மனைவி. வெறும் காய்ச்சல், ரெண்டு நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போனவள், மூன்றாம் நாள் விடிவதற்குள் போய்ச் சேர்ந்தாள். அந்த இரண்டு நாளும் கையில் ஊசியோடு கோப்பைத் திருத்திக்கொண்டே இருந்தாள். காலையில் பச்சை டம்ளர். மத்தியானம் நீலம். எந்த அழுகை பசிக்கு, எந்த அழுகை தூக்கத்துக்கு என்பதுவரை.

"பார்க்கிற மாதிரி மட்டும் அனுப்பட்டுமா?" என்றான்.

"பாத்து நான் என்ன பண்ண? ஸ்கூல் வேன் நேரம் மாறிடுச்சு. டீச்சர் வேற மாறிட்டாங்க. நானும் எழுதணும்ல? ஆபீஸ்ல நாப்பது பேருக்கு அனுமதி குடுக்கிற ஆளு, எனக்குக் குடுக்க இவ்வளவு யோசனையா? உங்களுக்குப் 'பூட்டு'ன்னு பேர் வெச்சவங்க சும்மா வெக்கல."

அவன் வாட்சைப் பார்த்தான். எழுதும் அனுமதி தந்தால், யார் யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியலும் அவள் கண்ணில் படும்.

அவன் போனை எடுக்காததைப் பார்த்து அவள் குரல் இறங்கியது.

"அவ எழுதினத அடுத்தவங்க கை வெச்சு மாத்திடுவாங்களோன்னு இருக்கா, மாமா? நான் ஒரு எழுத்தக்கூட அழிக்க மாட்டேன். கடைசியா உங்ககிட்டதானே அவ பேசினா. போன்ல 'பாப்பா சாப்பிட்டாளா'ன்னு கேட்டாளாமே. துக்கம் கேக்க வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் அம்மா அதத்தான் சொல்றாங்க. அந்த ஒரு வார்த்தையிலதான் அவங்களுக்குச் சோறே இறங்குது."

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

பிறகு தன் போனை எடுத்தான். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். பட்டியலைத் திறந்தான். அதில் இரண்டே பெயர். மனைவியின் பெயருக்கு எதிரே இருந்ததை முதலில் மாற்றினான். ஆபீஸில் தினமும் செய்கிற வேலைதான். ஒரு தட்டு. இனி யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அதன் பிறகு மைத்துனியைச் சேர்த்தான்.

"அனுப்பிட்டேன். பாரு."

இரண்டு போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மணியடித்தன.

"சித்தி, அம்மா போன் கத்துது!"

பாப்பா தினமும் அம்மாவின் போனில் படம் பார்த்துக்கொண்டுதான் பால் குடிப்பாள். அதற்காகவே மைத்துனி அதில் சார்ஜ் இறங்க விடுவதில்லை. அது அவன் நினைவுக்கு வந்தபோது போன் அவள் கைக்குப் போயிருந்தது.

"அக்காவுக்கு யாரு இப்ப..." அவள் எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தாள். "'உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. இதுவரை பார்க்க மட்டும் முடிந்த பாப்பா கோப்பில் இனி நீங்கள் எழுதலாம்.'"

அவள் நிமிர்ந்தாள். "என்ன மாமா இது? அக்கா ஃபைல்ல அக்காவே எழுதக் கூடாதுன்னு யாரு..."

கேள்வியை அவள் முடிக்க வேண்டியிருக்கவில்லை. அவன் முகம் அப்படி இருந்தது.

"மணிக்கு ஒரு தரம் மாத்திக்கிட்டே இருந்தா. எதப் பாத்து எதச் செய்யறதுன்னே எனக்குப் புரியல. பேசாம ரெஸ்ட் எடுக்கட்டும்னுதான்..."

"போன்ல பேசினாளே? பாப்பா சாப்பிட்டாளான்னு?"

"பேசல." அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "கூப்பிட்டா. நான் எடுக்கல. உங்க அம்மா அழுதுக்கிட்டே கேட்டாங்க. வாயில வந்ததச் சொல்லிட்டேன்."

பாப்பா நீல டம்ளரைத் தள்ளிவிட்டு, பச்சை வேண்டும் என்று அழ ஆரம்பித்தாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

மைத்துனி விரலால் திரையை மேலே தள்ளினாள். கீழே அவள் அக்கா அனுப்பியிருந்த கோரிக்கை இருந்தது. தேதி, கடைசி மாலை. அன்றைக்கே அவன் பார்த்துவிட்டு, காலையில் திறந்துவிட்டால் போயிற்று என்று ஒதுக்கிவைத்தது. அவள் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. போனை அவன் பக்கம் திருப்பிப் பிடித்தாள். அவனுக்கு அது மனப்பாடம்.

"ஒரே ஒரு வரி சேக்கணும்பா, திறந்து விடு. எழுதினதும் மறுபடி பூட்டிக்கோ."