இரண்டாவது ஆட்டக்காரர்

இன்றைக்கும் டோகாவா இருவர் ஆடும் பொத்தானைத்தான் அழுத்தினார். எதிர் நாற்காலி இன்றைக்கும் காலி.

கமாத்தா ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த அந்தக் காபிக் கடையில் மேசையேதான் விளையாட்டு இயந்திரம். கண்ணாடிக்குக் கீழே ஒரு குட்டி மனிதன், உருண்டு வரும் பாறைகளைத் தாண்டித் தாண்டி ஏணி ஏறுவான். முதல் ஆள் அவுட்டானால் படம் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும். அங்கே ஆட ஆளில்லாமல் குட்டி மனிதன் நின்ற இடத்திலேயே நசுங்குவான். டோகாவா கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பரிமாறும் பெண் மிசாவோ தூரத்திலிருந்து அவரையே கவனிப்பாள். அவளும் ஊரை விட்டு வந்து ஒற்றை அறையில் தனியாகக் கிடப்பவள்தான். அந்த நாற்காலியில் ஒரு நாளாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்று மாதக்கணக்காக ஆசை. தைரியம்தான் வரவில்லை.

"காபி ஆறுது மிசாவோ. நீ அவரையே பார்த்துக்கிட்டு நின்னா அது தானா நடந்து போகுமா?" என்று குத்தினார் முதலாளி.

அவள் தட்டை எடுப்பதற்குள், காய்கறிக் கூடையோடு ஒரு பெண்மணி அந்த மேசையருகே போய் நின்றாள். "இங்க யாராவது வர்றாங்களா?"

நிமிர்ந்த டோகாவாவின் கை இயந்திரத்தின் பிடியிலிருந்து நழுவியது. முதல் ஏணியில் ஒருநாளும் தோற்காதவர் தோற்றார். "இ... இல்லீங்க. உட்காருங்க."

படம் திரும்பியது. அவள் தட்டுத் தடுமாறி ஆட, "இப்பக் குதிங்க! ஐயோ, கல்லு வருது!" என்று அவர் பதறினார். அவர் இத்தனை உரக்கப் பேசி மிசாவோ கேட்டதே இல்லை.

"ஏங்க, உங்களுக்கு ஆபீஸ் இல்லையா?" என்றாள் அவள், படத்தைப் பார்த்தபடியே.

"வேலை போயிடுச்சுங்க. வீட்ல சொல்ல வாய் வரல. தினமும் டை கட்டிக்கிட்டு இங்க வந்துடறேன்."

"எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்கார். காலைல போனா ராத்திரிதான். வந்தாலும் வாயைத் திறக்கிறதில்ல. நான் சுவத்தோடதான் பேசிக்கிட்டிருக்கேன்."

அடிப்பாவி, கல்யாணமானவளா! மிசாவோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் காபி கொடுத்தவளிடம் சொல்லாததை, கூடையோடு வந்தவளிடம் ஒரே ஆட்டத்தில் கொட்டிவிட்டாரே!

இருவரும் எழுந்தார்கள். அவருடைய கைப்பெட்டியை அந்தப் பெண்மணியே எடுத்துக்கொண்டாள். இப்போது விட்டால் போச்சு என்று மிசாவோ வாசலுக்கு ஓடினாள்.

"சார், நாளைக்கும் வருவீங்கல்ல? நான்... நானும் கூட ஆடுறேன் சார்."

அவர் தலை குனிந்துகொண்டார். பதில் அந்தப் பெண்மணியிடமிருந்து வந்தது.

"வரமாட்டாரும்மா. இனிமே என் வீட்டுக்காரர் வீட்லயே இருப்பார்."